மூச்செடுக்கும் இடம்

ஐஸ்கட்டி மீன் மணத்தது. வேலியோரம் நின்ற யாரோ ஒருவருடைய றெஜிபோம் மீன் பெட்டியிலிருந்து உடைத்து எடுத்து வந்திருப்பார்கள் போல. நீற்றா அதை லேஞ்சித் துணியில் சுற்றி மேலுதட்டில் அழுத்திக்கொண்டு, மைதானத்து வேம்பின் கீழே காலை நீட்டிப் போட்டு இருந்தாள். இடைவேளை விசில் ஊதியாகிவிட்டது, ரீமில் உள்ள மற்றப் பிள்ளைகள் தோடம்பழத்தைச் சூப்பிச் சக்கையைத் துப்பிக்கொண்டிருந்தார்கள், ஒரு கோல் அடித்துவிட்டோம் என்ற வெப்பம் எல்லா முகத்திலும் இருந்தது, அவளுடைய முகத்தில் மட்டும் குளிர். நாக்கு சும்மா கிடக்கமாட்டேன் என்கிறது. போகாதே என்று சொல்லச் சொல்ல அந்த வெடிப்புக்குத்தான் போகிறது, உப்பு, இரும்பு, கொஞ்சம் மணல், பிறகு ஒன்றுமே தெரியாத ஒரு மரத்துப்போன மேடு, அது தன்னுடைய உதடுதானா என்று நாக்குக்கே சந்தேகம் வந்து திரும்பவும் தடவிப் பார்க்கிறது. மைதானத்தின் அந்தப் பக்கத்தில் பாண்ட் பிள்ளைகள் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் கையுறையுமாக வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மாவட்ட இறுதிப் போட்டி சொந்த மைதானத்தில் நடக்கிறது, முதன்முறையாகப் பெண்பிள்ளைகளின் ரீம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, கல்வி வலயத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பந்தலுக்குள் இருக்கிறார்கள், இடைவேளைக்குப் பாண்ட் வாசிக்க வேண்டும், வாசிப்பின் தொடக்கத்தில் மற்ற எல்லா வாத்தியமும் வாயை மூடிக்கொண்டு நிற்க ஒரேயொரு ட்றம்பெற் மட்டும் தனியாகப் போக வேண்டும். அந்த ட்றம்பெற் அவளுடையது. அன்ரனிற்றா என்று வகுப்பு இடாப்பில் இருப்பவள், ஊரில் நீற்றா, உயர்தரம் முதலாம் வருடம், ரீமில் கோல் காப்பவள், பாண்டில் முதல் ட்றம்பெற். சின்னப் பள்ளிக்கூடம், இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் எல்லாவற்றையும் நடத்த வேண்டும், அதனால் ரீமில் சிலபேர் பாண்டிலும் இருந்தார்கள். இதோ கப்டின் யசோ, முழங்காலில் இரத்தம் காயாமலே, ஜேர்சிக்கு மேல் சிவப்புச் சட்டையைக் கொழுவிக்கொண்டு பேஸ் ட்றம்மைத் தூக்கப் போகிறாள். நீற்றாவின் சிவப்புச் சட்டையும் பைக்குள் மடித்தபடி இருக்கிறது. நேற்று அம்மா அதை ஸ்திரிக்கை போட்டுத் தந்தாள். பொன்நிற நூல் கருகாமல் இருக்க மேலே ஈரத்துணி விரித்து, மெதுவாக, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு.

பந்து வந்ததை அவள் பார்த்தாள். அதுதான் விசித்திரம், பார்த்துக்கொண்டே வாங்கினாள். அந்த நீளப் பின்னல்காரி, எதிர் ரீமின் முன்கள ஆட்டக்காரி, இடது காலால் அடிக்கப் போகிறாள் என்று இடுப்பு திரும்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, கையைத் தூக்க நேரமில்லை என்பதும் தெரிந்துவிட்டது, விலக நேரம் இருந்தது, விலகவில்லை. முகம் அங்கேயே நின்றது. டப் என்று இல்லை, ஈரச் சாக்கு ஒன்றைச் சீமெந்து நிலத்தில் போட்டதுபோல ஒரு சத்தம், தலைக்குள்ளே, பிறகு மணல், பிறகு வானம். பந்து கோலுக்குள் போகவில்லை, யசோ அதை எங்கோ அடித்து விரட்டிவிட்டாள், சனம் கத்தியது. அந்த வானத்தையும் மணலையும் தாண்டி, சரிந்து கிடந்த கண்ணுக்குப் பாண்ட் பிள்ளைகள் இருந்த வாங்கு தெரிந்தது, அங்கே ஒருத்தி எழும்பி நின்றாள். எல்லாருக்கும் முதல் எழும்பியவள் அவள்தான். ரூபி. அவளுடைய முகத்தில் என்ன இருந்தது? நீற்றா இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைவு ஒருமுறை இடறுகிறது. வாய் திறந்திருந்தது, கண் அகன்றிருந்தது, அது பயந்த ஆளின் முகமாகவும் இருக்கலாம், பரிசு கிடைத்த ஆளின் முகமாகவும் இருக்கலாம், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும். ரூபி இரண்டாம் ட்றம்பெற். முதல் ட்றம்பெற் நிற்கும் முன் இடத்துக்கு ஆளை எடுத்த நாளில் பாண்ட் பழக்கும் புஸ்பம் ரீச்சர் இரண்டு பேரையும் ஊதவைத்துக் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்று, நீற்றாவின் பெயரைச் சொன்னா. அதற்கு முதல் அவர்கள் ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில் வந்தவர்கள், ஒரு வடையைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றவர்கள், ரூபிக்கு ஓரத்துக் கருகல் பிடிக்கும் என்று நீற்றா அந்தப் பக்கத்தைத்தான் நீட்டுவாள். அதற்குப் பிறகும் ஒரே பஸ்தான். ஆனால் ரூபி முன்கதவால் ஏறுவாள், இவள் பின்கதவால். சண்டை இல்லை, கோள் இல்லை, வாசிப்புக்கு வேண்டிய கதை மட்டும், ரீச்சர் இந்த இடத்தைத் திருப்பி வாசிக்கட்டாம், எண்ணெய்ப் போத்தலைத் தா, இந்தா. அவள் எழும்பினதைப் பார்த்தேன். சந்தோசப்பட்டிருப்பாளோ. நானென்றால் என்ன செய்திருப்பேன். நாக்கு திரும்பவும் வெடிப்புக்குப் போகிறது.

உதடு விறைத்தால் பயம் வராது என்று நினைத்தாள், அது பிழை, விறைக்க விறைக்கத்தான் கூடுகிறது. இந்த உணர்ச்சி திரும்பி வராமலே விட்டால்? ட்றம்பெற் காற்றால் வாசிப்பது என்று பார்க்கிற சனம் நினைக்கும். காற்று பாதிதான், மிச்சம் உதடு, அந்த வெள்ளி வாயின் விளிம்புக்குள் உதடு ஒரு பூச்சியின் சிறகுபோல அதிர வேண்டும், தையல் போட வேண்டிவந்தால் அந்த உதடு அதிருமா, தடித்துப்போன உதட்டுக்கு மேல் சுரம் எப்படி ஏறும், அந்த உயரத்துச் சுரத்துக்கு அவள் எவ்வளவு நாள் தொங்கியிருக்கிறாள். காற்றைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. காற்று அப்பா தந்தது, தந்தது அவருக்கே தெரியாது. அப்பா சங்கு குளிக்கிறவர். அவள் சின்னவளாக இருந்தபோது சில நாட்களில் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போவார், கரையோடு ஒட்டிய ஆழமில்லாத கடல்தான், அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக இறங்கியதும் தண்ணீர் மூடிக்கொள்ளும், பிறகு அங்கே ஒன்றும் நடக்காததுபோல அலை வரும். அந்த நேரம் அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தான் மூச்சு எடுத்தால் கீழே அப்பாவுக்குக் குறைந்துவிடும் என்று எப்படியோ நம்பியிருந்தாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சு வெடிக்கும், காது அடைக்கும், வள்ளத்தின் விளிம்பை நகத்தால் பிறாண்டிக்கொண்டு இருப்பாள், அப்பாவின் தலை மேலே வந்து ஹூம் என்று காற்றை இழுக்கும்போது அவளும் இழுப்பாள், அந்த ஒரு இழுவையில் இருந்த ருசி பிறகு எந்தச் சாப்பாட்டிலும் வரவில்லை. ஆறாம் வகுப்பில் புஸ்பம் ரீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு ட்றம்பெற்றைக் கொடுத்து ஊதச் சொன்னபோது மற்றவர்களுக்குப் புஸ் என்று காற்றுப் போனது, இவள் ஊதினாள், சத்தம் கரகரத்துத்தான் வந்தது, ஆனால் நிற்கவே இல்லை, ரீச்சர் காணும் காணும் என்று கையைக் காட்டும்வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அப்பா சிலிண்டரோடு இறங்குகிறார், யாரும் அவருக்காக மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை. இன்றைக்கும் கடலில்தான். பந்து முகத்தில் பட்டு மூச்சுப் போன அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த முதல் நினைப்பு, அப்பா இப்ப மேலே வந்திருப்பாரோ என்பதுதான். என்ன முட்டாள்தனம். ஆனாலும் வந்தது.

கோலுக்குள் வந்தது அப்படி ஒரு பெரிய கதை இல்லை. முதலில் கோல் காத்த பிள்ளையின் குடும்பம் வவுனியாவுக்குப் போய்விட்டது, ரீமைப் பழக்கும் யோகநாதன் சேர் காலைக் கூட்டத்தில் நின்ற பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார், உயரமான, கை நீளமான ஒருத்தி வேண்டும், விரல் அவளை நோக்கி நின்றது. முதல் நாள் பந்து வந்தபோது அவள் கண்ணை மூடினாள். இரண்டாம் நாளும் மூடினாள். பிறகு ஒருநாள், ஏன் என்று தெரியாது, மூடவில்லை, பந்து வந்து கைக்குள் இருந்தது, கனமாக, சூடாக, தனக்கென்றே வந்ததுபோல. அன்றைக்கே தெரிந்துவிட்டது இதையும் விடமுடியாது என்று. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் அவளை வைத்து ஒரு இழுபறி. சேர் அவளைப் பின்னேரங்களில் மைதானத்துக்குக் கூப்பிடுவார், அதே பின்னேரத்தில் புஸ்பம் ரீச்சர் மண்டபத்துக்குக் கூப்பிடுவா, மண்டபத்துக்குப் போனால் சேர் முகத்தைத் திருப்புவார், மைதானத்துக்குப் போனால் ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவா, அந்தப் பெருமூச்சை விட ஏச்சு நல்லது. விரலை உடைச்சுப் போட்டால் என்ன செய்யிறது என்று ரீச்சர் ஓய்வறையில் கேட்டாவாம், வாத்தியம் ஊதி ஊதிப் பிள்ளைக்குக் கால் தளர்ந்து போச்சு என்று சேர் சொன்னாராம். பரீட்சை மாக்ஸ் இறங்கியது. அம்மாவுக்குச் செய்தி போனது. அம்மா நண்டுக் கம்பனியில் வேலை, நாள் முழுக்க அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் வெளிறிப்போயிருக்கும். இனி ஒன்றை விட்டுவிடு என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நீற்றா நினைத்தாள், எதை விடுவது என்று இரவு முழுக்கத் தனக்குள் அடிபட்டு விடியற்புறம் அழுது, முகம் கழுவிக்கொண்டு போனாள். அம்மா வேலை உடுப்போடே, தலைத்தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓய்வறை வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, மணக்கும் என்று கூச்சம். சேரும் ரீச்சரும் வெளியே வந்தார்கள். அம்மா கூட்டத்தில் கதைக்கிற ஆள் இல்லை, அன்றைக்கும் சத்தமாகக் கதைக்கவில்லை. "நான் படிக்கேக்கை என்னை ஒருத்தரும் ஒண்டுக்கும் கூப்பிடேல்லை. என்ரை பிள்ளையை ரெண்டு பேர் கூப்பிடுறியள். அவளைப் பிய்ச்சு எடுக்காதையுங்கோ, பங்கு போடுங்கோ." சொல்லிவிட்டு மத்தியான வேலைக்குப் பிந்திவிடும் என்று போய்விட்டாள். பிறகு நாட்கள் பிரிந்தன, இந்த நாள் மைதானம், இந்த நாள் மண்டபம், சனிக்கிழமை படிப்பு. சனிக்கிழமையில் இரண்டு பேரில் ஒருவரும் கை வைக்கவில்லை. இப்போது ஐஸ் உருகி மணிக்கட்டால் வழிந்து முழங்கைக்கு ஓடியது. எத்தனை பேர் விட்டுக்கொடுத்து ஓடுகிற ஓட்டம் இது. யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தேன். ஒரு கோலைக்கூட வாயால் தடுத்து, அந்த வாயைப் போக்கிக்கொண்டு.

புஸ்பம் ரீச்சர் மைதானத்தைக் குறுக்கறுத்து வந்தா, சேலைக் கரையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி. குனிந்து லேஞ்சியை விலக்கிப் பார்த்தா. பந்துக்கு வாயைக் குடுக்காதை என்று எத்தனை தரம் சொன்னவ, இப்போது அதைச் சொல்லவில்லை, கன்னத்தில் கையை வைத்தா. ஊதட்டே ரீச்சர் என்று நீற்றா கேட்டாள், கேட்டதே வேறு யாரோ வாய்க்குள் துணி வைத்துக் கதைத்ததுபோல இருந்தது. ரீச்சர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஆறவிட்டால் ஆறிவிடும், இன்றைக்கு ஊதினால் கிழியும், பிறகு ஆறாது, ரூபி ஊதட்டும் என்று சொன்னா. சொல்லிவிட்டு உடனே போய்விட்டா, நின்றால் இரண்டு பேருமே அழுதிருப்பார்கள். அப்படியே ஆகட்டும். ரூபி காத்துக்கொண்டிருந்த இடம், போகட்டும். நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் புளித்த ஒன்று எழும்பியது, அவள் அதை விழுங்கப் பார்த்தாள், போகவில்லை. வரிசை நகரத் தயாராகிவிட்டது, யசோ பேஸ் ட்றம்மை வயிற்றில் தூக்கி வைத்து வாரை இழுத்தாள். அப்போது வரிசையிலிருந்து ஒரு சிவப்புச் சட்டை விலகி இவளை நோக்கி ஓடி வந்தது. ரூபிதான், கையில் ட்றம்பெற், மூச்சு வாங்கியது. கடவுளே, பாவம் பார்த்து ஒன்றும் சொல்லிவிடாதே என்று நீற்றா மனதுக்குள் மன்றாடினாள். ரூபி பாவம் பார்க்கவில்லை. முன்னால் குந்தி இருந்து, முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள். "அந்த நீளமான இடம் இருக்கெல்லே, அதுக்கு நீ எவடத்தில மூச்செடுக்கிறனீ? எனக்கு நடுவில உடையுது." நீற்றா அவளைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் பக்கத்தில் நின்று ஊதியவள், அதைக் கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருப்பாள். கை விரலை எடுத்து மணலில் அந்த மெட்டை ஒரு கோடாக இழுத்தாள், ஏறும் இடம், வளையும் இடம், உச்சிக்குப் போவதற்குச் சற்று முன்னால், எல்லாரும் இனி உச்சிதான் என்று நினைக்கிற அந்த இடத்தில் விரலைத் தூக்கினாள். "இதில. சின்னனா. ஆருக்கும் தெரியக்கூடாது." ரூபி அந்தக் கோட்டை ஒருமுறை கண்ணால் நடந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஓடிவிட்டாள்.

ஒரு விஷயம் நீற்றாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பாண்டை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வருடக் கணக்காக அதற்குள் நின்றிருக்கிறாள், ஆனால் உள்ளே நிற்பவளுக்குத் தன் சத்தமும் பக்கத்து ஆளின் சத்தமும் பின்னால் யசோ நெஞ்சில் இடிப்பதும்தான் கேட்கும், மிச்சம் எல்லாம் ஒரு புழுதிபோல இருக்கும். இப்போது அது தூரத்திலிருந்து, கடல்காற்றில் கொஞ்சம் சாய்ந்து, முழுசாக வருகிறது. சைட் ட்றம் மழை தொடங்குகிற மாதிரி, காலடிகள் ஒன்றாக விழுகின்றன, சப்பாத்து வாங்க முடியாத ஒரு பிள்ளைக்கு ரீச்சர் தன்னுடைய மகளின் சப்பாத்தைக் கொண்டு வந்து கொடுத்தா, அந்தக் கால் எது என்று இங்கிருந்து தெரியவில்லை, தெரியாமல் இருப்பது எவ்வளவு நல்லது. பிறகு எல்லாம் நின்றது. மைதானம் அமைதியானது, வேலியில் தொங்கிய பொடியன்களும் வாயை மூடினார்கள், ட்றம்பெற் எழும்பியது. ரூபியின் முதல் சுரம் கொஞ்சம் நடுங்கியது. வேண்டாம் வேண்டாம் என்று நீற்றாவின் கைவிரல்கள் ட்றம்பெற்றின் கட்டைகளை அமுக்குவதுபோலத் துடைமேல் தானாக அமுக்கத் தொடங்கின, முதல் விரல், மூன்றாம் விரல், பிறகு இரண்டும். சுரம் நிமிர்ந்தது. ரூபியின் சத்தம் நீற்றாவுடையதுபோல இல்லை. அவளுடையது கூராக இருக்கும், இது ஓரத்தில் கொஞ்சம் கருகினதுபோல, சூடாக, மெட்டு அதே மெட்டு, ஆனால் யாரோ வேறு வீட்டு விளக்கை ஏற்றி அதே அறையைக் காட்டினதுபோல. இதை அவள் இவ்வளவு நாளும் பின்னால் நின்றே வைத்திருந்தாளா. நீளமான இடம் வந்தது, ஏறியது, வளைந்தது, உச்சிக்குச் சற்று முன்னால் நீற்றா தன்னை அறியாமலே சின்னதாக ஒரு மூச்சை உள்ளே எடுத்தாள், அதே கணத்தில் அங்கே சிவப்புச் சட்டையின் தோள் துளி உயர்ந்தது, யாருக்கும் தெரிந்திருக்காது, மெட்டு உடையாமல் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது உதட்டு நோவினாலா என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டு நின்றது எங்கே போனது என்று தேடிப் பார்த்தாள், இருந்தது, ஆனால் சின்னதாகி, ஒரு மூலையில் குந்தியிருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். சேர் வந்து நிழலில் நின்றார். பந்தலில் கைதட்டல் கேட்டது. விளையாடுவியோ பிள்ளை, இல்லாட்டி மற்றவளை இறக்கட்டோ, உன்ரை விருப்பம் என்று கேட்டார். இந்த மனிதர் விருப்பம் என்று ஒரு சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. எழும்பினாள்.

பாதி மாறியதால் இப்போது அவளுடைய கோல் பாண்ட் பிள்ளைகளின் வாங்குக்கு முன்னால் வந்துவிட்டது. பந்து தூரத்தில், அந்தக் கோலடியில், யசோவின் கால்களுக்கிடையில் உருண்டுகொண்டிருந்தது, கோல் காப்பவளுக்கு ஆட்டத்தில் பெரும்பகுதி இப்படித்தான், சும்மா நிற்பது, சும்மா நிற்காததுபோல நிற்பது. வலைக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பாமலே தெரிந்தது. நல்லா ஊதினாய் என்று சொல்ல வாய் எடுத்தாள், வந்தது வேறு. "நான் விழேக்கை நீ எழும்பினனீ. கண்டனான்." பந்து மைதானத்தின் நடுவுக்கு வந்து திரும்பிப் போனது. "முதல் சந்தோசமாத்தான் இருந்தது," என்று ரூபி சொன்னாள், குரல் சாதாரணமாக இருந்தது, நேரம் என்ன என்று சொல்கிறவள்போல. "இடம் கிடைக்கப்போகுது எண்டு. பிறகு நீ எழும்பேல்லை. ஐஸ் கேட்டு ஓடினது நான்தான்." அந்த மீன் மணம். நீற்றா முன்னால் பார்த்தபடியே நின்றாள். சந்தோசம் இருந்ததாம். பொய் சொல்லியிருக்கலாம், பயந்துபோனேன் என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம், இவளும் நம்பியிருப்பாள், நம்பிக்கொண்டே சந்தேகப்பட்டிருப்பாள், பஸ்ஸில் அவள் முன்கதவால் இவள் பின்கதவால் என்று இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். முள்ளை எடுத்துக் கையில் தந்துவிட்டாள். நோகிறது, ஆனால் இனிக் குத்தாது. ஏதாவது சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்லலாமா, இப்போதே சொன்னால் என்ன, என்று நினைக்கும்போதே மைதானம் சரிந்ததுபோல எல்லாரும் அவளை நோக்கி வந்தார்கள், நீளப் பின்னல் முன்னால் வந்தது, யசோ வழுக்கி விழுந்தாள், இந்த முறை கையைத் தூக்க நேரம் இருந்தது, தூக்கினாள், பாய்ந்தாள், பந்து விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போய் வலைக்குள் கிடந்தது. கதைத்ததாலா? இல்லை. அவள் மணலில் கிடந்தபடி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள், இல்லை, கதைத்திருக்காவிட்டாலும் இது போயிருக்கும், அப்படி ஒரு அடி. வலைக்குப் பின்னால் ரூபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், என்னாலதானே என்று கண் கேட்டது. இல்லை என்று நீற்றா தலையை ஆட்டினாள். பந்தை எடுத்து எறிந்தாள். பிறகு ஒன்றைப் பிடித்தாள், ஒன்றைக் குத்தி வெளியே அனுப்பினாள், இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அந்தக் கம்பத்தைத் தட்டிக்கொடுத்தாள், கடைசியில் மூலையிலிருந்து ஒரு கோணர் உதை, தலைகளுக்கு மேல் தலைகள், யாருடைய முழங்காலோ, பந்து எதில் பட்டது என்றுகூடத் தெரியவில்லை, உருண்டு, மிகவும் மெதுவாக, வெட்கப்படுகிறதுபோல, கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதோடு விசில்.

தோற்றால் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருந்தாள். யசோ மணலில் முகம் குப்புற விழுந்து அழுதாள், இன்னும் இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள், நீற்றா முழங்காலில் நின்று தன்னைத் தானே தட்டிப் பார்த்தாள், உடையவில்லை. பெரிதாக ஒரு களைப்பு, அதற்குக் கீழே, ஊற்றுத் தண்ணீர்போல, பெயர் தெரியாத ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ச் சனம் போகாமல் நின்று தட்டிக்கொண்டிருந்தது. சேர் ஒவ்வொருத்தியாகத் தூக்கி நிறுத்தினார். பிறகு புஸ்பம் ரீச்சரின் குரல், பரிசளிப்பு, வெற்றி பெற்ற ரீம் மேடைக்குப் போகும்போது பாண்ட் வாசிக்க வேண்டும், பிள்ளையள் வாங்கோ. யசோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, வைதுகொண்டே, பேஸ் ட்றம்மைத் தேடிப் போனாள். நம்மை வென்றவர்களுக்கு நாமே வாசிப்பதா என்று ஒருத்தி முணுமுணுத்தாள், ஓமடி, வாசிப்பு எங்கடைதானே என்று யசோ சொன்னாள், அழுத குரலில் சொன்னதால் அது சிரிப்பாக வந்தது. நீற்றா பையைத் திறந்து சிவப்புச் சட்டையை எடுத்து மண் ஒட்டிய ஜேர்சிக்கு மேல் போட்டாள். ஊத முடியாது, நிற்கவாவது நிற்கலாம். ரூபி தன்னுடைய பழைய, இரண்டாம் ட்றம்பெற்றின் இடத்திலேயே போய் நின்று முன் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ரீச்சர் அதைப் பார்த்தா, பெட்டிக்குள் கிடந்த சிம்பல் தட்டுச் சோடியை எடுத்து நீற்றாவின் கையில் தந்து, அந்த வெறும் இடத்தைக் கண்ணால் காட்டினா.

சிம்பல் பிடிப்பது இதுதான் முதல் தரம். நாலு அடிக்கு ஒருக்கா, அவ்வளவுதான், மற்ற நேரம் சும்மா நிற்க வேண்டும், சும்மா நிற்காததுபோல. எதிர் ரீம் பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள், களைத்து, வியர்த்து, எங்கோ தூரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து விடிய முதல் பஸ் ஏறி வந்தவர்கள், அவர்களோடு பாண்ட் இல்லை, கைதட்ட அவர்களுடைய ஆட்கள் என்று நாலைந்து பேர்தான். இந்த மெட்டு இவர்களுக்கு. நீற்றா இரண்டு தட்டுகளையும் சேர்த்து அடித்தாள், கை முழுவதும் தோள்வரைக்கும் சிலிர்த்தது, அடித்த அடியில் பந்தலின் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது, ரீச்சரும் பார்த்தா, குறைக்கச் சொல்லவில்லை. நீளப் பின்னல்காரி மேடைக்கு ஏறுமுன் வரிசையை விட்டு விலகி இவளுக்கு முன்னால் நின்றாள். கிட்டப் பார்த்தால் மிகவும் சின்னப் பிள்ளை, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். தன்னுடைய வாயைத் தொட்டுக் காட்டி, நோகுதோ அக்கா என்று கேட்டாள். நீற்றா இல்லை என்று தலையாட்டினாள், பிறகு ஓம் என்று ஆட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்ததில் உதட்டு வெடிப்பு மறுபடி திறந்து சூடாக ஒரு துளி இறங்கியது. கோப்பை கொடுத்தாயிற்று, மெட்டு முடிந்தது, வாத்தியங்கள் இறங்கின. எதிர் ரீம் பிள்ளைகள் மேடையை விட்டு இறங்காமல் நின்று, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று கை தட்டினார்கள். ரீச்சர் வரிசையைப் பார்த்தா. யசோவின் கை தொங்கிப்போயிருந்தது, ரூபி தடித்துப்போன தன் உதட்டைக் கையுறையால் ஒற்றிக்கொண்டிருந்தாள், வாசித்து வாசித்து அவளுக்கும் வாய் போயிருந்தது, எல்லாருடைய கண்ணும் எப்படியோ முன் இடத்துக்கு வந்தது. வாயைத் திறக்க முடியாத நீற்றா இரண்டு தட்டுகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.